கொடைக்கானல் ஏரிக்கரையில் பழைய பங்களா: சாவி கைக்கு வந்ததும் என்ன செய்வது?

பழைய வீட்டை விலைக்கு வாங்கியவர்கள், பாகப்பிரிவினையில் பங்காகப் பெற்றவர்கள், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் என்று அவ்வப்போது யாராவது என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன பெயின்ட் அடிக்கலாம்?" என்பதுதான். பெயின்ட் கடைசி வேலை. பல சுவர்களுக்கு அது தேவையே இல்லை.

நான் கொடைக்கானல் ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கும் ஒரு கல் வீட்டைப் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வருஷத்தில் ஆசையாகச் செய்த வேலைகளில் பாதியை அடுத்த மூன்று வருஷத்தில் காசு கொடுத்துப் பிரித்தெடுத்தேன். அந்தப் பணம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஏரி இயற்கையாக உண்டானது இல்லை. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் மேலே வந்து வீடு கட்டியபோது இங்கே ஏரி கிடையாது. ஓடைகள் வந்து சேரும் சதுப்புப் பள்ளம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ் 1863-இல் அந்தப் பள்ளத்துக்குக் கரை போட்டு நீரைத் தேக்கினார். இன்று சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ரோடு. ஆக, ஏரிக்கரை வீடு என்றால் பள்ளத்து வீடு. ராத்திரி குளிர்காற்று மேலிருந்து இறங்கி இங்கேதான் தங்கும். டிசம்பர், ஜனவரியில் மேட்டு வீடுகளில் ஒன்றும் தெரியாது. நம் புல்வெளியில் விடியற்காலை உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மழை பெய்தால் மேல் சரிவில் இறங்கும் தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் ஊறி ஏரிக்குத்தான் போக வேண்டும். அந்த வழியில் குறுக்கே நிற்பது உங்கள் வீடு. நீங்கள் செய்யப்போகும் வேலை எல்லாமே அந்தத் தண்ணீருக்கு வழிவிடுவதுதான். தடுத்து நிறுத்தலாம் என்று நினைத்துத்தான் நான் பணத்தைத் தொலைத்தேன்.

ஒரு மழைக்காலம் சும்மா இருங்கள்

இது சொல்வதற்குச் சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். சாவி வாங்கிய வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவோம். வேண்டாம். ஓட்டை விழுந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுங்கள், ஆபத்தான மின்சார லைனைத் துண்டியுங்கள், பீலியில் (கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் தகரக் கால்வாய்) அடைத்திருக்கும் சருகை அள்ளிப் போடுங்கள். அதற்கு மேல் எதையும் தொடாமல் ஒரு அக்டோபர், நவம்பரை அந்த வீட்டில் கழியுங்கள். கொடைக்கானலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனாலும் வீட்டின் நோய் முழுசாக வெளியே வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

தேவைப்படும் கருவிகள்: ஒரு குடை, ஒரு டார்ச், ஒரு டப்பா சாக்பீஸ். நல்ல மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கே கொட்டுகிறது, எங்கே தேங்குகிறது, எது சுவரை ஒட்டியே ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே வந்து, சுவரில் ஈரம் ஏறியிருக்கும் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கோடு. எந்த இயந்திரமும் சொல்லாததை அந்தக் கோடுகள் சொல்லும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை ஒரே வாக்கில் ஈரம் இருந்தால் அது ஓதம், மண்ணிலிருந்து ஏறுவது. சுவரின் மேல் பகுதியில் திட்டாக இருந்தால் கூரையையோ பீலியையோ பாருங்கள். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் என்றால், கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் தகடு விட்டுப்போயிருக்கும். ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் ஜன்னல் படியின் வாட்டம் (சரிவு) உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால், பல சமயம் அது கசிவே இல்லை. காற்று போகாமல் குளிர்ந்த சுவரில் வேர்த்தது. பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டால் போதும்.

எங்கள் ஸ்டோர் ரூம் சுவரில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்று தடவை சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஈரம் போகவில்லை. முதல் நவம்பரில் குடையோடு நின்று மேலே பார்த்தேன். பீலியின் மூலையில் சைப்ரஸ் சருகு அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழிந்து நேராகச் சுவர்த்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏணி வைத்துக் கையால் அள்ளினேன். ஐந்து நிமிஷ வேலை.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு எல்லைக் கற்களையும் சர்வேயரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய தோட்டங்களில் வேலி ஒரு இடத்திலும் எல்லை வேறு இடத்திலும் இருப்பது சகஜம். மலைப்பகுதிக்கான கட்டிட விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை. பழுதுபார்ப்பது வேறு, கூட்டிக் கட்டுவது வேறு. உங்கள் வேலை எதில் சேரும் என்பதை நகராட்சியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பொக்லைன் இறக்கி மண் தள்ளுவதற்கும் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்க, சரிவை வெட்டினால் அடுத்த மழையில் மேல்வீட்டு மண் உங்கள் அடுப்படியில் வந்து நிற்கும்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் அறை அறையாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றினால் கதவிலும் நிலையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். எட்டுக் கதவைக் கழற்றி அடுக்கிவிட்டு, எது எந்த நிலைக்கு என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க மாட்டி மாட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

மேலிருந்து கீழே

வேலையின் வரிசை: கூரை, பீலி, சுற்றியுள்ள வாய்க்கால், அப்புறம் சுவர், அப்புறம் மரவேலை, கடைசியில் உள் அலங்காரம். இதை மாற்றினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும். கூரை வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல் பாதியில் கோடை மழை ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் சீசன் கூட்டத்தால் வத்தலக்குண்டு ரோட்டில் லாரி ஏறி வருவதே பெரும்பாடு. சாமான்களைப் பிப்ரவரிக்குள் மேலே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

இங்கே பழைய வீடுகளில் தகரக் கூரையும் மங்களூர் ஓடும் உண்டு. தகரத்தில் முதலில் கெடுவது தகடு இல்லை, போல்ட் போட்ட ஓட்டை. வாஷர் காய்ந்து வெடித்து அந்த இடத்தில் துரு வட்டமாகப் பரவும். தகடு நன்றாக இருந்தால் போல்ட்டையும் வாஷரையும் மாற்றி, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்தால் இன்னும் பல வருஷம் ஓடும். மொத்தமாகப் பிரித்துப் புது ஷீட் போடச் சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். ஏறிப் பார்க்காமல் சொல்பவரை நம்பாதீர்கள்.

மங்களூர் ஓடு என்றால் ஒரு எச்சரிக்கை. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பினர் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததைப் பார்த்து அப்புறம் ஊர் ஊராக ஓட்டுக் கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேட்டோடு சரியாகப் பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மழையில்தான் வித்தியாசம் தெரியும். ஓட்டின் அடியில் அச்சு முத்திரை இருக்கும். நல்ல ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே பழைய வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது நூறு ஓடு கூடுதலாக வாங்கிக் கொட்டகையில் அடுக்கி வையுங்கள். குரங்குகள் கூரையில் ஓடுவதை நிறுத்தப்போவதில்லை.

பின்கட்டு, கழிப்பறைப் பக்கமெல்லாம் நடுவில் யாரோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கலாம். அதை உடைக்கவோ துளையிடவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்ற வேண்டும். தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். பழைய கதவு ஜன்னல் பெயின்ட்டும் அப்படித்தான். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

பீலிக்கு இருபது அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். இறங்கும் குழாயின் அடியில் தண்ணீர் சுவரை விட்டு விலகிப் போகும்படி ஒரு கல்தொட்டி, அதிலிருந்து வாய்க்கால். வீட்டைச் சுற்றிலும் மண் மட்டம் உள்தரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு வருஷமாகப் பூச்செடிக்கு மண் போட்டுப் போட்டு, பல வீடுகளில் வெளி மண் உள்தரைக்கு மேலே வந்துவிட்டது. பலகைத் தரை உள்ள வீடுகளில் அடிச்சுவரில் கம்பி வைத்த சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். குளிர் வருகிறது, எலி வருகிறது என்று அவற்றை அடைத்திருப்பார்கள். திறந்துவிடுங்கள், எலிக்கு வலை அடியுங்கள். எங்கள் வீட்டில் மண்ணை ஒன்றரை அடி வெட்டியெடுத்த பிறகுதான் அப்படி நாலு துளை இருப்பதே தெரிந்தது.

சுண்ணாம்பு

இங்கே கொஞ்சம் நிற்போம், பழைய வீட்டில் பெரிய தப்பு நடப்பது இங்கேதான்.

கார் ஏறும் ரோடு வருவதற்கு முன்பே கட்டிய வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் இங்கேயே எடுத்தவை. கீழிருந்து வந்தது ஒவ்வொன்றும் ஆள் சுமையாகவோ மட்டக்குதிரையிலோ ஏறியது. சுண்ணாம்பைச் சிக்கனமாகத்தான் புழங்கியிருப்பார்கள். சில சுவர்களில் நடுவில் வெறும் மண் கலவைதான். வெளி இடுக்கில் மட்டும் சுண்ணாம்பு. இப்படிப்பட்ட சுவரில் ஈரம் உள்ளே போவதைத் தடுக்க முடியாது. போனது திரும்ப வெளியே வர வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே ஏறிச் சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே தலைகாட்டும். கூடவே உப்பும் வரும், பூச்சு பொரிந்து உதிரும். சிமென்ட் கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், பின்னால் அதைப் பிரிக்கும்போது கல்லின் முகமும் சேர்ந்து பெயரும்.

நான் ஸ்டோர் ரூமின் பழைய சிமென்ட்டைக் கண்டு சிரித்தவன்தான். ஆனால் அதே வருஷம் வடக்குச் சுவருக்கு, கடைக்காரர் பேச்சைக் கேட்டு, நீர் புகாத கலவை சேர்த்த சிமென்ட்டை நாலடி உயரத்துக்குப் பூசினேன். முதல் கோடையில் அழகாக இருந்தது. நவம்பரில் ஓதம் ஐந்தடிக்கு ஏறியது. சாக்பீஸ் கோடு முன்பு இரண்டரை அடியில் இருந்தது.

அதைப் பிரிக்க வந்தவர் எழுபது வயதை நெருங்கிய கொத்தனார். பெரியகுளம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பூசினவன் சுவத்துக்குப் பூசலை, கண்ணுக்குப் பூசியிருக்கான்" என்றார். "நான்தான் அண்ணே பூசச் சொன்னேன்" என்றேன். "அப்ப சரி, நீங்களே கூட நின்னு கொத்துங்க" என்று உளியை என் கையில் கொடுத்துவிட்டார். நாலு நாள் கொத்தினேன்.

அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் நீற்ற வேண்டும். தண்ணீருக்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் தயிர்க் கட்டிபோல இறுகும். குறைந்தது ஒரு மாதம் ஊறட்டும். கூட ஊறினால் இன்னும் நல்லது. பிப்ரவரியில் பூச வேண்டுமென்றால் டிசம்பரிலேயே குழி போடுங்கள்.

கலவைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணல் கழுவியதாகவும் சொரசொரப்பாகவும் இருக்கட்டும். பழைய பூச்சின் நிறம் வர வேண்டுமென்றால், பழைய கலவையில் ஒரு துண்டைப் பொடித்து வினிகரில் ஓரிரு நாள் ஊற வையுங்கள். சுண்ணாம்பு கரைந்து மணல் அடியில் நிற்கும். அந்த மணலைப் பார்த்து அதேபோலத் தேடலாம். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு நன்றாகச் சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும், ஈரத்தையும் தாங்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அவர் அளவெல்லாம் சொல்லவில்லை, நாற்றத்தை வைத்தே பதம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், என்ன செத்துக் கிடக்கிறது என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

பதம் பார்க்க ஒரு வழி: கரண்டியில் கலவையை அள்ளி லேசாகத் தட்டிவிட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் இன்னும் அடித்துக் குழைக்க வேண்டும். தண்ணீர் சேர்த்துச் சுலபமாக்கப் பார்த்தால் காய்ந்ததும் வெடிக்கும்.

பூசுவதற்கு முன்னால் சுவரை நனையுங்கள். ஒரு தடவைக்குக் கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம். அடுத்த அடுக்குக்கு அவசரம் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. அதற்கு நாள் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஒரு வாரமாவது நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். ராத்திரிக் குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் பூசவே கூடாது. ஏரிக்கரையில் ஜனவரி முழுக்க அந்தப் பயம் உண்டு. மார்ச், ஏப்ரல் தொடக்கம் தோதான நேரம். கடைசியில் வெள்ளையடிப்பது பால் பதத்தில், மெலிதாக நாலைந்து கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே தெரியாது. காய்ந்ததும்தான் வெளுக்கும். பொறுக்காமல் கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும்.

இத்தனையும் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம் என்பீர்கள். உண்மைதான். சிமென்ட் மட்டுமே பூசிப் பழகிய ஒருவர் கிடைத்தால், முதலில் கொட்டகைச் சுவரில் ஆறுக்கு ஆறு அடி பூசச் சொல்லி ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். வரவேற்பறையில் பழகவிட வேண்டாம்.

மரம், கண்ணாடி, நெருப்பு

ஜன்னல் சட்டம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். குத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிற இடம் மட்டும்தான் போய்விட்டது. பெரும்பாலும் அது அடிச்சட்டத்தின் மூலை. அந்த அளவை மட்டும் வெட்டியெடுத்து, அதே ஜாதி மரத்தில் துண்டு போட்டு ஒட்டுப்போட நல்ல ஆசாரியால் முடியும். முழு ஜன்னலையும் மாற்றச் சொல்பவரிடம், கழற்றும் பழைய தேக்கு யாருக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

லேசாக நெளிந்து தெரியும் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் வழியே பார்த்தால் ஏரியும் லேசாக நெளியும். திரும்பக் கிடைக்காத பொருள் அது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கணப்பு அடுப்பை மூட்டும் முன்னால் புகைபோக்கியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். எங்களுடையதில் இரண்டு சாக்குக் கரியும் குருவிக் கூடும் வந்தன. ஒரு வருஷமாவது காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். பச்சை விறகு புகைபோக்கிக்குள் தார்போலப் படிந்து, பிறகு ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரியிலிருந்து வருவது வாசனையில்லாத நச்சுவாயு; தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங்கை மொத்தமாக மாற்றி, எர்த் போட்டு, ஷாக் அடித்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்சையும் வையுங்கள். பழைய பீங்கான் ஸ்விட்ச் அழகுதான். சுவரில் மாட்டி வையுங்கள், கரண்ட் கொடுக்காதீர்கள்.

தோட்டமும் ஏரியும்

கழிவுநீர்த் தொட்டியை முதலில் பாருங்கள். பழைய வீடுகளில் அது ஏரிப் பக்கம்தான் இருக்கும், பலவற்றில் அடித்தளம் கிடையாது. கசிவது நேராக ஏரிக்குப் போகும். ஏரியில் நிரம்பி வழிவது மலைரோட்டில் எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுக்கும் வெள்ளி அருவியில் விழுகிறது. கசியாத தொட்டியாகக் கட்டி, ஏரியிலிருந்து முடிந்தவரை தள்ளி, லாரி வந்து உறிஞ்சி எடுக்கத் தோதாக வையுங்கள். அதே காரணத்துக்காகப் புல்வெளிக்கு யூரியா வேண்டாம். மழையில் கரைந்து ஏரிக்குப் போய் நீர்க்களையை வளர்க்கும். வெட்டிய புல்லையும் சருகையும் தண்ணீரில் தள்ளாமல் மக்கவிடுங்கள்.

சரிவைப் பிடித்து நிற்கும் கல்கட்டுகளைத் தொட்டுவிடாதீர்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கட்டில் இடுக்கெல்லாம் தண்ணீர் வெளியேறும் வழி. அழகுக்குச் சிமென்ட் வைத்து இடுக்கை அடைத்தவர் வீட்டில், பின்னால் தேங்கிய தண்ணீர் ஒரே ராத்திரியில் கட்டைத் தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வயிறு தள்ளிய இடத்தை மட்டும் பிரித்துத் திரும்ப அடுக்குங்கள்.

வீட்டுக்கு மிக அருகில் தைலமரமோ சைப்ரஸோ இருந்தால், வெட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன் பட்டுப்போன கிளைகளை மட்டும் முறைப்படி எடுத்துப் பாருங்கள். புதிதாக வைப்பதானால் இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களை வையுங்கள். காட்டுப் பூவரசு மெதுவாகத்தான் வளரும், ஆனால் சிவப்பாகப் பூத்து நின்றால் காத்திருந்தது தெரியாது. உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குங்கள். வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தின் நாற்று தலைகாட்டினால் விரல் உயரத்திலேயே எடுத்துவிடுங்கள். பழைய பேரி மரங்களை வெட்டித் தள்ளாதீர்கள். இலை உதிர்ந்திருக்கும் ஜனவரியில் உள்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால் கிழட்டு மரமும் காய்க்கும்.

காட்டுமாடு வரும். ராத்திரி வந்து புல் மேய்ந்துவிட்டு, விடியும்போது வராந்தாப் படிக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். விரட்டாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், போட்டோவுக்காகக் கிட்டே போகாதீர்கள். உள்ளேயே இருங்கள், அதுவே போகும். முள்கம்பி வேலி போட்டால் அது முட்டித் தள்ளிவிட்டு வரும், கூடவே காயமும் படும். வழக்கமாக வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டு, காய்கறிப் பாத்தியை மட்டும் கட்டுச்சுவரால் வளைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக எங்களுக்குள் சண்டையில்லை.

இன்னொன்று, இது எனக்கே வேடிக்கையாக இருந்தது. இங்கே மண் அமிலத்தன்மை உள்ளது. அதனால் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும். வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய அடுத்த வருஷத்திலிருந்து, சுவரை ஒட்டிய செடிகள் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்க ஆரம்பித்தன. சிந்திய சுண்ணாம்பு மண்ணில் இறங்கிய வேலை. நாலடி தள்ளி இருப்பவை இன்னும் நீலம். பார்க்க வருபவர்கள் என்ன உரம் என்று கேட்கிறார்கள். நீங்கள் நீலம்தான் வேண்டும் என்பவரானால் பூசும்போது செடிக்கடியில் தார்ப்பாய் விரியுங்கள்.

வருஷம் முழுக்க

வேலை முடிந்துவிட்டது என்று ஒரு நாள் வராது. எஸ்டிமேட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு தனியாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஜனவரியில் கூரை ஏறிப் பார்ப்பது, பேரி கழிப்பது. மார்ச்சில் சுண்ணாம்பு ஒட்டுவேலை. ஏப்ரலில் ஜன்னல், எண்ணெய். ஜூன் மழைக்கு நாற்று நடுவது. ஆகஸ்டில் வாய்க்கால் வெட்டுவது. செப்டம்பர் கடைசியில் பீலி. நவம்பருக்குள் இன்னும் இரண்டு தடவை பீலி. வெயில் அடிக்கும் எந்த நாளிலும் எல்லா ஜன்னலையும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்து வையுங்கள். ஊருக்குப் போவதானால் சாவியைக் கொடுக்கும் ஆளிடம் பீலி விஷயத்தைச் சொல்லி, ஏணி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டுப் போங்கள். பூட்டியே கிடக்கும் வீட்டை இரண்டு மழைக்காலம் போதும், முடித்துவிடும்.

வடக்குச் சுவரில் போன நவம்பரில் கோடு ஒன்றேகால் அடியில் நின்றது. வெள்ளையடிக்கும்போது பழைய கோடுகளையும் மறைத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். ஒரு முழ அகலத்துக்கு விட்டுவிடச் சொன்னேன். ஐந்தடியிலிருந்து கீழே வரை தேதியோடு வரிசையாக இருக்கின்றன. சாக்பீஸ் டப்பாவை மட்டும் இறுக்கி மூடி வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அதுவும் நமத்துப்போய் எழுதாது.